காணாமல் போன யாழை கணக்குப் போட்டுத் தேடியவர்! யார் இந்த விபுலானந்த அடிகள்?

அண்ணனூர் ஸ்டேஷனில் இருந்து சென்ட்ரல் பக்கமாக ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீஸ்வரர் கோயில் சுந்தரர் தேவாரம் பாடிய தலம். அந்தப் பதிகத்தின் பண் தக்கேசி. இன்றைக்கு ஓதுவார்கள் அதை காம்போதி ராகத்தில் பாடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. தேவாரத்துக்கும் முந்தைய சங்க காலத்தில், பாணர்கள் ஊர் ஊராகப் போய்ப் பண் பாடினார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த கருவி எது? யாழ். அந்த யாழ் இப்போது எங்கே? கோயிலில் இல்லை, கச்சேரி மேடையில் இல்லை, வீட்டுப் பரணிலும் இல்லை. நாகஸ்வரம் இருக்கிறது, வீணை இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது. யாழ் மட்டும் சுத்தமாகக் காணோம்!

ஒரு கருவி காணாமல் போய்ப் பல நூறு வருஷம் ஆன பிறகு, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட உயிரோடு இல்லாத நிலையில், பழைய பாட்டுகளையும் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும் என்று நம்பி, தன் வாழ்க்கையின் கடைசி வருஷங்களை அதற்கே கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் மேடைக் கலைஞர் இல்லை. ஒரு துறவி. அதற்கு முன்னால் சயின்ஸ் வாத்தியார். அவர்தான் சுவாமி விபுலானந்தர். தமிழ் உலகம் அவரை விபுலானந்த அடிகள் என்று அழைக்கிறது.

யார் இவர்? யாழுக்காக என்ன செய்தார்? அதற்கு என்ன விலை கொடுத்தார்? பார்ப்போம்.

யாழ் என்றால் வீணையா?

பலரும் குழம்புகிற இடம் இது. யாழ் வேறு, வீணை வேறு.

வீணையில் நான்கு முக்கியத் தந்திகள். அடியில் மெட்டுகள். ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்தினால் வெவ்வேறு ஸ்வரம் வரும். தந்தியை இழுத்து, வளைத்து கமகம் கொடுக்கலாம்.

யாழ் அப்படி இல்லை. அதில் மெட்டே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான். எத்தனை ஸ்வரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டும். வில்லை வளைத்து, அதில் ஒரு நாணுக்குப் பதில் வரிசையாகப் பல நாண்கள் கட்டியதுபோல இருக்கும். மேற்கத்திய இசையில் ஹார்ப் என்று ஒரு பெரிய கருவி இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான் யாழ். இன்றைய பெரிய ஹார்ப்பில் 47 தந்திகளும் 7 பெடல்களும் இருக்கும்.

இந்த வில் வடிவக் கருவி தமிழ்நாட்டில் மட்டும் இருந்தது அல்ல. எகிப்திலும் மெசபடோமியாவிலும் இருந்தது. நான்காம் நூற்றாண்டு குப்த மன்னர் சமுத்திரகுப்தரின் தங்கக் காசில், அவர் மடியில் வைத்து வாசிப்பது இதே வகைக் கருவிதான். சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் அமராவதி சிற்பங்களிலும் இதைப் பார்க்கலாம். மியான்மரில் சாங் கௌக் என்ற பெயரில் இந்தக் குடும்பத்துக் கருவி இன்றும் வாசிக்கப்படுகிறது.

தமிழில் யாழின் வகைகளாக நூல்கள் முக்கியமாகச் சொல்பவை இவை:

- பேரியாழ்: 21 நரம்பு
- மகரயாழ்: 19 நரம்பு
- சகோடயாழ்: 14 நரம்பு
- செங்கோட்டியாழ்: 7 நரம்பு

இந்த எண்ணிக்கை சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தரும் கணக்கு. இதுபோக வில்யாழ், சீறியாழ் என்றெல்லாம் பழைய பாடல்களில் வருகிறது.

மீன் பாடும் ஊரில் பிறந்தவர்

1892. இலங்கையின் கிழக்குக் கடற்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவு. சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தார். பெயர் மயில்வாகனன்.

அதே 1892-ல்தான் சென்னையில் இன்னொரு சம்பவம் நடந்தது. ஓலைச்சுவடியாகக் கிடந்த சிலப்பதிகாரத்தை, அடியார்க்கு நல்லார் உரையோடு உ.வே.சாமிநாத ஐயர் அச்சில் கொண்டுவந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகித் தன் வாழ்நாளில் அதிகம் புரட்டப்போகும் புத்தகம் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

மட்டக்களப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. மீன் பாடும் தேன் நாடு என்பார்கள். நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்துப் பக்கம் படகில் போனால், வாவித் தண்ணீருக்கு அடியில் இருந்து மெல்லிய இசை கேட்கும் என்பது அந்த ஊர் மக்களின் அனுபவம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்களாம். இந்த வாவி இசையை மயில்வாகனன் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் நீரரமகளிர் பாடும் இசையாக அதைக் கவிதையிலும் எழுதினார்.

ஒரு கையில் பௌதிகம், மறு கையில் பண்டிதர் பட்டம்

பள்ளிப் படிப்பு மட்டக்களப்பில், ஆங்கில வழியில். பிறகு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916-ல் விஞ்ஞான டிப்ளமோ வாங்கினார். அதே வருஷம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் பாஸ். இலங்கையில் இருந்து அந்தத் தேர்வில் வெற்றி பெற்ற முதல் ஆள் இவர்தான்.

அந்தக் காலத்தில் இது ரொம்ப அபூர்வம். இங்கிலீஷ் படித்தவருக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. தமிழ்ப் பண்டிதருக்கு சயின்ஸ் தெரியாது. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்காது. மயில்வாகனன் இரண்டு பக்கமும் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் சயின்ஸ் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. தேர்வு எழுதி வென்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு முதல்வரானார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்ல சம்பளம், ஊரில் மரியாதை, பிரிட்டிஷ் ஆட்சியில் மேலே மேலே போக வழி. எல்லாமே கையில் இருந்தது.

அத்தனையையும் விட்டுவிட்டு 1922-ல் கப்பலேறி சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார்.

மயிலாப்பூரில் மாறிய பெயர்

மடத்தில் பயிற்சிக் காலத்தில் அவருக்குப் பிரபோத சைதன்யர் என்று பெயர். ராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1924-ல், ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு கொடுத்தார். அன்று முதல் அவர் சுவாமி விபுலானந்தர்.

துறவி ஆனதும் குகைக்குப் போய்விடவில்லை. 1925-ல் இலங்கைக்குத் திரும்பி, ராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைக் கட்டி எழுப்பும் வேலையில் இறங்கினார். கிழக்கு மாகாணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்பது அவரது பிடிவாதம். 1929-ல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது. அந்தப் பள்ளி வளாகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

சிதம்பரத்தில் கிடைத்த நாற்காலி

1931-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். காவி உடுத்திய பேராசிரியர்!

அங்கே இரண்டு விஷயங்கள் செய்தார். ஒன்று, பாரதியார். பாரதி இறந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவரது பாட்டைப் புலவர்கள் பலர் இலக்கியமாகவே மதிக்கவில்லை. விபுலானந்தர் பல்கலைக்கழக வளாகத்திலேயே பாரதி கழகம் தொடங்கி அந்தப் பாடல்களைப் படிக்க வைத்தார். சங்கத் தமிழ் கற்ற பேராசிரியரே முன்வந்ததால், மற்றவர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை.

இன்னொன்று, பக்கத்தில் இருந்த திருவேட்களம் சேரி. பாடம் முடிந்த பிறகு அங்கே போய்க் குழந்தைகளுக்குக் கல்வி கிடைக்க வேலை செய்தார். 1930-களில் பேராசிரியர் ஒருவர் சேரிக்குள் நடந்து போவது சாதாரண விஷயம் இல்லை.

1933-ல் அந்த வேலையை விட்டார். பதவிகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் எந்தப் பதவியிலும் அவர் நீண்ட நாள் உட்கார்ந்தது கிடையாது. இதே 1930-களில், பள்ளியில் சயின்ஸைத் தமிழில் சொல்லிக்கொடுக்கக் கலைச்சொற்கள் வேண்டும் என்ற முயற்சி சென்னையில் நடந்தபோது, அதற்கும் தலைமை ஏற்றுத் தோள் கொடுத்தார்.

இந்த வருஷங்களில்தான் அவர் மனசை ஒரு புதிர் பிடித்துக்கொண்டது.

புதிர் என்ன?

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி. மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்வது. அதில் ஆடல் ஆசான், இசை ஆசான், தண்ணுமை வாசிப்பவர், குழல் வாசிப்பவர், யாழ் வாசிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற விவரம் வருகிறது. யாழ் வாசிப்பவர் எந்த நரம்பை எதற்கு இணையாகச் சுருதி சேர்க்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது.

சொல்லப்போனால் அது இசைக்கருவிக்கான ஒரு கையேடு. பிரச்னை என்னவென்றால், அதை யாராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை.

இலக்கியம் தெரிந்தவர்களுக்கு இசைக் கணக்கு தெரியாது. இசை தெரிந்தவர்களுக்குப் பழந்தமிழ் புரியாது. அடியார்க்கு நல்லார் உரை உதவும்தான். ஆனால் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழ் மீட்டிப் பாடும் கானல் வரி பகுதிக்கு அவருடைய உரையே கிடைக்கவில்லை. எங்கே அதிகம் தேவையோ, அங்கே ஓட்டை! அவர் மேற்கோள் காட்டிய பழைய இசை நூல்களும் கைக்கு எட்டவில்லை. பஞ்சமரபு என்ற நூல் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியதே 1970-களில்தான். விபுலானந்தருக்கு அது கிடைக்கவில்லை.

அவருக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்த பெரியவர் ஒருவர் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவரான அவர் தன் கைக்காசைப் போட்டு ஆராய்ச்சி செய்து, 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். தமிழிசைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது என்று உரக்கச் சொன்ன நூல் அது. ஆனால் யாழ் என்ற கருவியின் உடம்பு எப்படி இருந்தது, அதன் ஒவ்வொரு நரம்பும் எந்த அளவில் ஒலித்தது என்று முழுசாகக் கட்டிப் பார்க்கும் வேலை மிச்சம் இருந்தது.

எப்படித் தேடினார்?

இங்கேதான் அந்த பி.எஸ்சி. பட்டம் உதவியது.

*முதல் படி: உடம்பு.* பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகிய சங்க நூல்களில் பாணன் கையில் இருக்கும் யாழை உறுப்பு உறுப்பாக வர்ணித்திருக்கிறார்கள். ஒலி பெருக்கும் குடம் பத்தர். அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல் போர்வை. வளைந்த தண்டு கோடு. நரம்பை இறுக்கும் வார்க்கட்டு திவவு. இந்த வர்ணனைகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, கருவியின் வடிவத்தை வரைந்தார்.

*இரண்டாம் படி: ஒலி.* தமிழில் ஏழு ஸ்வரங்களுக்குத் தனிப் பெயர் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஒரு ஸ்தாயியை 22 அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இத்தனை அலகு என்று பழைய நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

பௌதிகம் சொல்வது இது: ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி ஸ்வரம் வரும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் ஸ்வரம், அதாவது இளி வரும். குரலுக்கு இளி, அந்த இளிக்கு ஓர் இளி என்று இப்படியே அடுக்கிக்கொண்டே போனால் எல்லா ஸ்வரமும் பிறந்துவிடும். பழைய உரை சொல்லும் இணை நரம்பு முறையும் பௌதிகம் சொல்லும் விகிதமும் பொருந்துகின்றனவா என்று எண்களைப் போட்டுச் சரிபார்த்தார்.

*மூன்றாம் படி: பண்.* இது கொஞ்சம் சுவாரஸ்யமானது. யாழில் ஏழு நரம்பைச் சுருதி சேர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் நரம்பை ஆதாரமாக வைத்து வாசித்தால் ஒரு பண். எதையும் மாற்றாமல், நான்காம் நரம்பை ஆதாரமாக வைத்து அங்கிருந்து தொடங்கினால் வேறு பண்! ஒரே கருவி, ஒரே சுருதி, ஆரம்பம் மட்டும் வேறு. இதைத்தான் பாலைத் திரிபு என்றார்கள்.

செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதி என்று தமிழிசை ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். அதன் நான்காம் நரம்பில் தொடங்கினால் சங்கராபரணம். ஐந்தாம் நரம்பில் தொடங்கினால் கரகரப்பிரியா. ஆறில் தொடங்கினால் தோடி. ஏழில் தொடங்கினால் கல்யாணி. இன்று டிவி பாட்டுப் போட்டியில் குழந்தைகள் பாடுகிற ராகங்களுக்கும் பாணன் கையில் இருந்த யாழுக்கும் இப்படி ஒரு நேர்க்கோடு போடலாம்.

இமயமலையில் எழுத்து, கொழும்பில் பேராசிரியர்

இந்த ஆராய்ச்சி ஒரே அறையில் உட்கார்ந்து செய்தது அல்ல. பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. நடுவில் 1939 வாக்கில் மடம் அவரை இமயமலையில் உள்ள மாயாவதிக்கு அனுப்பியது. அங்கே பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியர். மற்ற நேரம் யாழ்.

1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. ஆக, தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஒரே ஆள்தான்!

இதே காலத்தில் தமிழ்நாட்டில் தமிழிசை இயக்கம் சூடுபிடித்திருந்தது. கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்கள்தானே அதிகம், தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே என்ற கேள்வி கிளம்பி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. தமிழுக்கென்று பழைய இசை இலக்கணம் இருந்ததா, இல்லையா என்பது அன்று வெறும் புலவர் சர்ச்சை இல்லை, மேடைச் சண்டை. அந்த நேரத்தில் அதற்கு ஆதாரம் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தார் விபுலானந்தர்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஓய்வே இல்லாத அலைச்சல், வேலை. நோய் அடிக்கடி படுக்க வைத்தது. புத்தகம் முதலில் முடியுமா, உடம்பு முதலில் முடியுமா என்ற நிலை.

கோயிலில் அரங்கேறிய ஆராய்ச்சி

புத்தகம் முடிந்தது. பெயர் யாழ் நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசை நரம்பியல், பாலைத் திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்று ஏழு பகுதிகள். தஞ்சாவூர் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் பண உதவி செய்தார்.

1947 ஜூன் 5, 6 தேதிகளில் அரங்கேற்றம். இடம், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருக்கொள்ளம்பூதூர் கோயில். ஆற்றில் வெள்ளம் வந்தபோது திருஞானசம்பந்தர் பதிகம் பாட, ஓடம் தானாகவே கரை சேர்ந்தது என்று சொல்லப்படும் தலம் அது.

பல்கலைக்கழக ஹாலில் வெளியிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காலப் புலவர்கள் செய்ததுபோல, கோயிலில், அறிஞர்கள் முன்னிலையில் அரங்கேற்றினார்கள். அவர் கணக்கிட்டு வடிவமைத்த கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணைக் கலைஞர் க.பொ.சிவானந்தம் யாழ் வாசித்துக் காட்டினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல நூற்றாண்டாகப் பெயர் மட்டும் இருந்த ஒரு கருவி. அதன் நரம்பில் ஒரு விரல் பட்டு, சத்தம் வருகிறது. முன்னால் ஒரு துறவி, நோயோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து இலங்கை திரும்பினார். 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் காலமானார். அரங்கேற்றம் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டு வந்து, அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில், ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

அவ்வளவு பெரிய கருவி ஏன் காணாமல் போனது?

யாரோ ஒருநாள் தடை போட்டு அழித்த கருவி அல்ல யாழ். இசையின் ரசனை மாறியது, கருவி பின்தங்கியது என்பதே பொருத்தமான விளக்கம்.

இதைப் பெரிய புராணத்தில் வரும் ஒரு கதையே காட்டிக்கொடுக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற யாழ்க் கலைஞர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பாடும் பதிகங்களை யாழில் வாசித்தவர். சம்பந்தரின் பாட்டுக்குப் பெருமையே யாழ்ப்பாணரின் வாசிப்புதான் என்று அவரது உறவினர்கள் பேசினார்களாம். தருமபுரம் என்ற தலத்தில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். யாழ்ப்பாணரால் அதை நரம்பில் கொண்டுவர முடியவில்லை. மனம் நொந்து யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவிக்குள் எல்லா இசையும் அடங்காது என்று தேற்றினார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர் நின்றுவிட்டது.

பக்திக் கதையாகப் பார்த்தால் அது அற்புதம். இசைக் கண்ணோடு பார்த்தால் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மனிதக் குரல் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வழுக்கும், அசையும், சுழலும். நரம்புக்கு ஒரு ஸ்வரம் என்ற யாழால் அதை அப்படியே பின்தொடர முடியாது. மெட்டு வைத்த வீணையால் முடியும். கூடவே, ஒரு பண்ணில் இருந்து சம்பந்தமில்லாத இன்னொரு பண்ணுக்குப் போக, யாழில் நரம்புகளைத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். வீணையில் விரலை நகர்த்தினால் போதும்.

கமகம் முக்கியமான பிறகு, வீணை முன்னால் வந்தது. யாழ் பின்னால் போய், கடைசியில் பாட்டுகளிலும் சிற்பங்களிலும் மட்டும் தங்கிவிட்டது. அதை நம்பிப் பிழைத்த பாணர்களும் மெல்ல மறைந்தார்கள். வாசிக்க ஆள் இல்லாத கருவியைச் செய்ய யார் வருவார்கள்?

அவர் சொன்னது எல்லாமே சரியா?

விபுலானந்தர் எல்லாவற்றையும் தீர்த்து வைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆபிரகாம் பண்டிதரின் கணக்கும் இவரது கணக்கும் ஒன்று அல்ல. ஸ்தாயிக்கு 24 சுருதி என்றார் பண்டிதர். 22 அலகு என்பது விபுலானந்தரின் அடிப்படை. எந்தப் பழம்பண் இன்றைய எந்த ராகம் என்பதில் ஆய்வாளர்களிடம் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நிலத்தடியில் இருந்து ஒரு பழைய யாழ் முழுசாகக் கிடைத்தால் பல விஷயம் தெளிவாகும். ஆனால் மரமும் தோலும் நரம்பும் மண்ணுக்குள் அவ்வளவு காலம் தாங்காது.

அப்படியானால் அவர் சாதித்தது என்ன? யாழ் என்பதைக் கற்பனைப் பொருள் என்ற இடத்தில் இருந்து, அளந்து பார்க்கக்கூடிய, செய்து பார்க்கக்கூடிய, தப்பு இருந்தால் திருத்தக்கூடிய பொருளாக மாற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரோடு ஒத்துப்போகலாம், சண்டை போடலாம். ஆனால் யாழ் நூலைத் திறக்காமல் அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

இன்று யாழ் எங்கே?

சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. கட்டிடக் கலை படித்த தருண் சேகர் என்ற இளைஞர், உரு என்ற தனது பட்டறையில் சில வருஷங்களுக்கு முன்பு யாழை மீண்டும் செய்து, வாசித்து, பாட்டாகவும் வெளியிட்டார். சமூக வலைதளங்களில் மயில் கழுத்துபோல வளைந்த யாழோடு இளைஞர்கள் வாசிக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இலங்கையில் விபுலானந்தரின் நினைவை ஒட்டித் தமிழ் மொழித் தினம் கொண்டாடுகிறார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இசை, நடனம், நாடகம் சொல்லித்தரும் நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். தமிழ்நாட்டில்? பாடப் புத்தகத்தில் சில வரிகள், தமிழ் படிப்பவர்களிடம் ஒரு மரியாதை. அதைத் தாண்டி அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அவர் துறவு வாங்கியதும் இங்கே, பேராசிரியர் ஆனதும் இங்கே, யாழ் நூலை அரங்கேற்றியதும் இங்கேதான்.

அடுத்த முறை திருமுல்லைவாயில் கோயிலிலோ, உங்கள் ஊர் சிவன் கோயிலிலோ ஓதுவார் பதிகம் பாடும்போது ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். பாட்டு இருக்கிறது, பண்ணின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடம் காலி என்பதையே பலர் மறந்துவிட்ட ஒரு காலத்தில், அங்கே என்ன இருந்தது என்று கேட்டு, பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தவர் விபுலானந்த அடிகள்.